முன்னறை ஜன்னல்

லூயிஷம், லண்டன்
ஜனவரி 14

அன்புள்ள பெர்னி,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலும் போன வேகத்தில் திரும்பி வருகிறது. கடிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் முதல் பக்கத்தையாவது படி.

அம்மாவைப் பற்றி நான் எழுதிய நாவல் டிவியில் மூன்று பகுதிகளாக வரப்போகிறது. திரைக்கதையும் நான்தான். ஏப்ரலில் நம் ஊர் மோர்கமிலேயே படம்பிடிக்கிறார்கள். மீன் கடை வரிசையில் நின்று யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது, தங்கை வாயால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

புத்தகம் வந்தபோது நீ அனுப்பிய தபால் அட்டை என் மேஜைக்கு மேலே இருக்கிறது. 'என்னை அதிலிருந்து எடு' என்ற ஒரே வரி. அச்சான புத்தகத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொடரில் செய்துவிட்டேன். டோரீன் என்ற அக்கா அதில் இல்லவே இல்லை. பிஸ்கட் டப்பாவும் இல்லை. இதை ஒரு மன்னிப்பாக எடுத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. அம்மா நோயில் படுத்திருந்த நம் வீட்டு முன்னறையிலேயே படம்பிடிக்க இயக்குநர் ஆசைப்படுகிறார். அந்தப் பெரிய ஜன்னல், பச்சை வெல்வெட் திரைச்சீலை, எதிரே சாலை, அதற்கப்பால் கடல். ஒரே வாரம்தான். வீட்டை இருந்தபடியே திருப்பித் தருவார்கள். கொஞ்சம் யோசித்துப் பார்.

கோரின்

மோர்கம்
ஜனவரி 23

கோரின்,

யோசித்தேன். வீடு கிடையாது.

நீ இறங்கி நடக்காத ஊரில் அந்தப் புத்தகத்துக்குப் பிறகு நான் எப்படி நடக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் பிஸ்கட் டப்பாவை உயரத்தில் வைத்தேன். உன் புத்தகத்தில் டோரீன் அதைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற ஆள், நாற்பது வயது, சுவருக்கு பிளாஸ்டர் பூசுகிறவர், ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே கேட்கிறார்: "இத ஒழுங்கா சுத்திட்டா ஒரு பிஸ்கட் தருவீங்களா பெர்னி?" என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். அவர் நெற்றி கண்ணாடியில் போய் முட்டாதது சீட் பெல்ட் செய்த புண்ணியம்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அம்மாவுக்கு நீ செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. உன் புத்தகத்தில் சாகும்போது "கடல் திரும்பி வருது" என்று சொல்கிறாளாம். அம்மா ஆயுளில் கடலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசியிருப்பாளா? உப்புக்காற்று கதவுப்பூட்டைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று திட்டுவாள், அவ்வளவுதான். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி அவள் நாள் முழுக்கப் பார்த்துக் கிடந்தது கடலை இல்லை, சாலையை. யார் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், யார் வண்டி வந்து நிற்கிறது என்று. நீ ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

என்னை எடுத்துவிட்டதற்கு நன்றி. அப்படியே அம்மாவையும் எடுத்துவிட்டால் தேவலை.

பெர்னி

லூயிஷம்
பிப்ரவரி 2

பெர்னி,

பதில் எழுதுவாய் என்றே நான் நினைக்கவில்லை. திட்டி எழுதினாலும் உன் கையெழுத்துதானே.

கட்டிலருகே நான் உட்காரவில்லை என்கிறாய். உண்மைதான். அம்மா படுத்த பிறகு நான் வந்ததே சில முறை. வந்தபோதும் சமையலறையில் மடிக்கணினியோடு இருந்தேன். ஆனால் கடைசி நாளுக்கு என்னைக் குற்றம் சொல்லாதே. அயர்லாந்தில் படப்பிடிப்பில் இருந்தேன். நடிகர் ஒருவர் வசனத்தைப் பேச மாட்டேன் என்று அடம்பிடிக்க, வண்டிக்குள் உட்கார்ந்து காட்சியைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் நீ போனில் விட்ட செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. "அம்மாவுக்கு அவ்வளவு நல்லா இல்ல. முடிஞ்சா வா." அவ்வளவுதான் சொன்னாய். வேலையை முடித்துவிட்டு அடுத்த நாள் விமானம் பிடிக்கலாம் என்று நினைத்தேன். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீந்தியாவது வந்திருப்பேன். நீ ஏன் சொல்லவில்லை?

வீட்டைக் கேட்டதை மறந்துவிடு. சால்ஃபர்டில் ஸ்டூடியோவுக்குள் அறையைக் கட்டப் போகிறார்கள். ஊரில் வெளிப்புறக் காட்சிகள் மட்டும்தான்.

கோரின்

மோர்கம்
ஏப்ரல் 19

கோரின்,

உன் பிப்ரவரி கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று போட வேண்டியதாகிவிட்டது.

உன் படக்குழுவுக்குச் சாப்பாட்டு வண்டி ஓட்டுவது ட்ரூடி. என்னிடம் கார் ஓட்டக் கற்று, நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவள். யாரோ மேஜையில் விட்டுப்போன இளஞ்சிவப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசி நேரத்தில் மாற்றுகிற பக்கங்களுக்கு ஒவ்வொரு நிறமாம், அவள்தான் விளக்கினாள். "உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன் பெர்னி, அந்தப் பொண்ணு அம்மாவ எவ்வளவு நல்லா பாத்துக்கறா" என்றாள்.

அந்தப் பெண் யார் என்று படித்தேன். எலன். லண்டனில் நாவல் எழுதுகிறவள். அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறாள். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கிறாள், குளிப்பாட்டுகிறாள், படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடுகிறாள். "வலது கைய தூக்கு ராணியம்மா, இப்ப இடது கை, குடிமக்களுக்குக் கை காட்டு" என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறாள்.

அது என் வேடிக்கை, கோரின். அம்மா வலி தெரியாமல் கையைத் தூக்க நான் கண்டுபிடித்தது. புத்தகத்தில் அதையாவது டோரீனிடம் விட்டுவைத்திருந்தாய். என்னை எடு என்றுதானே கேட்டேன்? என்னை எடுத்துவிட்டு என் இடத்தில் நீயே படுக்கை விரித்துக்கொள் என்று கேட்கவில்லையே. அந்த வருடங்களில் என் முதுகு போனது. என்னோடு இருந்த கெவின் என்னை விட்டுப் போனான், "உன் வீட்ல எனக்கு இடமே இல்ல" என்று சொல்லிவிட்டு. அதெல்லாம் உன் எலனுக்கு வேண்டாம் போலிருக்கிறது. நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

'முடிஞ்சா வா' என்றுதான் சொன்னேன். நம் வீட்டில் யாரும் அதற்கு மேல் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அம்மா பக்கத்து வீட்டில் போய், "உங்களுக்கு ரொம்ப வேலையா?" என்றுதான் கேட்டாள். முடிஞ்சா வா என்றால் செருப்புகூடப் போடாமல் ஓடி வா என்று அர்த்தம். அதை மறக்கிற அளவுக்கு நீ லண்டன்காரி ஆகிவிட்டாய்.

பெர்னி

லூயிஷம்
ஏப்ரல் 28

பெர்னி,

இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். வசனம் எழுதிப் பிழைக்கிறவளுக்கு உன்னிடம் பேச ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

நடந்தது இதுதான். முதல் வரைவில் இரண்டு மகள்கள் இருந்தார்கள். தயாரிப்பாளர் படித்துவிட்டு, "ரெண்டு பேர் இருந்தா பாக்கறவங்க யாரோட சேர்ந்து அழுவாங்க? ஒருத்தியாக்கிடுங்க" என்றார். எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பது. மூன்று மாமாக்கள் ஒரு மாமா ஆவார்கள், இரண்டு மருத்துவமனைகள் ஒன்றாகும். நானும், நீதான் எடுக்கச் சொல்லிவிட்டாயே என்று, சுலபமாகத் தலையாட்டிவிட்டேன். டோரீனை அழித்தேன். அவள் செய்த வேலைகள் மட்டும் மிஞ்சின. அவை இல்லாமல் கதையே இல்லை. யாராவது ஒருத்தி செய்தாக வேண்டும், இருந்தவள் எலன் ஒருத்திதான். எழுதும்போது எனக்கு அது திருட்டாகத் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. ஆனால் பாதி எடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று நீ சொல்வாய்.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள்?

அடக்கத்தன்று உன்னிடம் கேட்டேன். "இப்ப வேணாம்" என்றாய். பிறகு நான் எழுத ஆரம்பித்தேன், நீ பேச்சை நிறுத்தினாய். தெரியாததால்தான் அந்தக் கடல் வரியை இட்டுக்கட்டினேன். இப்போது தூங்கப் போகும்போதெல்லாம் அம்மா என் வரியைத்தான் சொல்கிறாள், அவள் குரல் என்னை விட்டுப் போய்விட்டது. இதைத் தொடருக்காகக் கேட்கவில்லை. எழுத மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மா மேல் சத்தியம்.

கோரின்

மோர்கம்
மே 11

கோரின்,

உன் கடிதத்தைச் சமையலறையில் வைத்து நாலைந்து நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். தர வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் உனக்கும் அம்மாதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அரை டம்ளர் தேநீர் கேட்டாள், உதட்டில் நனைத்ததோடு சரி. நான் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றேன். அப்போது கூப்பிட்டாள். குரலே இல்லை, குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"கோரின் வர்ற வரைக்கும் திரைச்சீலைய மூடாதே. இருட்டுல அவளுக்கு வீடு அடையாளம் தெரியாது."

அதற்கப்புறம் பேசவில்லை.

இது உனக்கு மட்டும். சத்தியம் செய்திருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும்.

பெர்னி

லூயிஷம்
மே 15

என் பெர்னி,

பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். இரண்டு பேருந்துகள் வந்து போய்விட்டன. முன்பின் தெரியாத ஒரு பெண் பையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

என்னை எதிர்பார்த்தாள் என்றால் என்மேல் கோபம் இல்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு வேறு எதுவும் வேண்டாம். இதை என்னோடு வைத்துக்கொள்கிறேன். உனக்கு நான் பட்டிருக்கும் கடன் எழுதித் தீராது, அதனால் எழுத முயலவில்லை.

ஆகஸ்டில் வரட்டுமா? வெண்ணெயில் போட்ட இறாலை ரொட்டியில் தடவி நாம் இரண்டு பேரும் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது.

உன் கோரின்

லூயிஷம்
அக்டோபர் 30

பெர்னி,

ஆகஸ்டில் நான் வராததற்கு வேலை காரணம் என்று ஒரு அட்டை போட்டேன். வேலை காரணமில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

வரும் ஞாயிறு முதல் பகுதி ஒளிபரப்பாகிறது. கடைசிப் பகுதி அதற்கு இரண்டு வாரம் கழித்து. நீ பார்ப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

மே மாதக் கடைசியில் சால்ஃபர்டில் அம்மா சாகும் காட்சியை எடுத்தார்கள். நடிகை கடல் வரியைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். இயக்குநர், "யாரோ எழுதிக் குடுத்த மாதிரியே இருக்கே" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுத்த நாள் அந்த அறையைப் பிரித்துவிடுவார்கள், அன்றைக்கு எடுத்தால்தான் உண்டு. வேறு வரி யோசித்தேன், பெர்னி, உண்மையாக யோசித்தேன். என் தலைக்குள் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. சொல்லிவிட்டேன். முதல் தடவையிலேயே காட்சி அமைந்துவிட்டது. ஒலிப்பதிவு செய்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா எப்படிப்பட்டவள் என்று ஒரு தடவையாவது உலகத்துக்குச் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சத்தியத்தை மீறினேன் என்பது அதனால் இல்லாமல் போகாது. தெரியும். என்ன வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கோரின்

மோர்கம்
நவம்பர் 22

கோரின்,

பார்த்தேன். ட்ரூடியும் வந்திருந்தாள். கடைசிக் காட்சியில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள். நான் டோஸ்ட் தின்றுகொண்டிருந்தேன்.

பத்திரிகைகளையும் பார்த்தேன். இந்த வருடம் டிவியில் பேசப்பட்ட மிக உண்மையான வசனம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதியவளுக்குத் தாயின் மூச்சு வரை தெரிந்திருக்கிறதாம்.

அம்மா அப்படிச் சொல்லவில்லை. அந்த வரியை எழுதினது நான்.

லான்காஸ்டரில் டிரைவிங் தேர்வு மையத்தில், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதினேன். என் காரை எடுத்துக்கொண்டு அந்த பிளாஸ்டர்காரர் தேர்வுக்குப் போயிருந்தார். முதலில் 'அவ வர்ற வரைக்கும் விளக்க அணைக்காதே' என்று எழுதினேன். டிவியில் வருவது மாதிரி இருந்தது, அடித்துவிட்டுத் திரைச்சீலை போட்டேன். அவர் தேறிவிட்டார். நீ தோற்றுவிட்டாய்.

உன்னை மாட்டிவிட வேண்டும் என்று மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. ஒருவேளை சத்தியத்தைக் காப்பாற்றுவாய் என்று பாதி நம்பினேன். ஒளிபரப்பில் அந்தக் கடல் உளறலே வந்திருந்தால், அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். உன் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்தும் வைத்திருந்தேன். ஆகஸ்டில் இறாலும் வாங்கி வைத்தேன். அது கெட்டு, குப்பைக்குப் போனது.

நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எந்தத் திரைச்சீலை?

முன்னறையில் திரைச்சீலையே கிடையாது, கோரின். அம்மா படுத்த முதல் கோடையிலேயே கழற்றச் சொல்லிவிட்டாள், சாலையை மறைக்கிறது என்று. நாற்காலி மேல் ஏறி நான்தான் கழற்றினேன். பச்சை வெல்வெட்டை சர்ச்காரர்கள் நடத்தும் பழந்துணிக் கடைக்குக் கொடுத்தாகிவிட்டது. கடைசி வரை அந்த ஜன்னலில் துணி இல்லை. அதற்குப் பிறகு ஊருக்கு வந்த அந்தச் சில தடவையும் அந்த அறைக்குள் வந்து அம்மா நெற்றியில் முத்தம் கொடுத்திருக்கிறாய். அடக்கத்தன்று அதே ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சாண்ட்விச்சும் கையுமாக நின்றாய். நீ பார்க்கவில்லை. பார்த்ததை எழுதுகிறவள் என்று உன்னைப் பற்றி உன் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள்.

உன் ஆட்கள் அழகான திரைச்சீலை தைத்திருந்தார்கள். அதையும் ட்ரூடி பாராட்டினாள்.

பெர்னி

லூயிஷம்
நவம்பர் 27

பெர்னி,

நீ ஜெயித்துவிட்டாய். உன் எண்ணுக்கு அடித்தேன், மறுபடி தடுத்திருக்கிறாய்.

திரைக்கதைக்கான ஒரு பரிசுக்கு என் பெயர் இறுதிப் பட்டியலில் இருக்கிறது. அறிவிப்பில் அந்த வரியைத்தான் போட்டிருக்கிறார்கள். லீட்ஸிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள், மகன் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அவளும் திரைச்சீலையை மூடுவதில்லையாம். அவளுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்? அது என் அக்கா எனக்கு வைத்த பொறி என்றா? என்னால் இதை ஒருவரிடமும் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் செய்திருக்கிறாய். இத்தனை வருடமாக நான் எழுதியதில் எல்லோருக்கும் பிடித்த ஒரே வரி நான் எழுதாதது. உனக்கு எழுத்து வருகிறது, பெர்னி. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உன்னை நான் அழித்தேன், நீ எனக்கு அம்மாவையே இல்லாமல் செய்துவிட்டாய். கணக்கு நேர்தான். ஆனால் மே மாதத்திலிருந்து அந்த வரியைச் சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன். இப்போது அதுவும் போய்விட்டது.

அம்மா உண்மையில் என்ன சொன்னாள்? எழுத மாட்டேன் என்று இந்தத் தடவை சத்தியம் செய்யப் போவதில்லை. நீ நம்ப மாட்டாய், நானே நம்ப மாட்டேன். என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடு.

முடிந்தால் எழுது.

கோரின்

மோர்கம்
டிசம்பர் 6

கோரின்,

கடைசி வரியைப் படித்தேன். நம் ஊர்ப் பேச்சு உனக்கு இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில். இனி எழுத மாட்டேன்.

நேற்று அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கி மாட்டினேன். சாம்பல் நிறம், மலிவானது. சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

அம்மா கடைசியாகச் சொன்னது நாலே வார்த்தை. அதில் ஒன்று உன் பெயர். மற்ற மூன்றையும் நீயே எழுதிக்கொள்.

பெர்னி